தொக்கணமும் தல்க்கும்: மயிலிட்டிக் கரையிலிருந்து ஒரு குறிப்பு

வலை இழுப்பவனின் நோவு முதலில் தோளில் தங்கும். பிறகு நாரிக்கு இறங்கும். வடபுலத்தின் முக்கிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டி போன்ற கரைகளில் இதற்கு வழிவழியாக வந்த வைத்தியம், நோவெண்ணெய் பூசி உருவிவிடுதல்.

இந்த உருவுதலை நமது நாட்டின் இரு வைத்திய மரபுகள் சாத்திரமாகவே வகுத்துள்ளன. சித்த வைத்தியம் இதைத் தொக்கணம் என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்கிறது. யூனானியில் இதன் பெயர் தல்க். கிரேக்க வைத்தியர் கலேனின் வழிவந்த இக்கலையை இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன்’ நூலில் ஒழுங்குபடுத்தினார். வலிய தேய்ப்பு உடலை இறுக்கும், மெல்லியது தளர்த்தும், நெடுநேரத் தேய்ப்பு மெலிவிக்கும், அளவானது வளர்க்கும் என்பது அவர் கணக்கு. உடற்பயிற்சிக்கு முன் உடலை ஆயத்தப்படுத்தும் தேய்ப்பு வேறு, பின் களைப்பாற்றும் தேய்ப்பு வேறு என்றும் பிரித்தார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனுக்குப் பெயர்ந்து, ஐரோப்பியருக்கும் பாடநூலாயிற்று.

நாரி நோவுக்கு இது சிறிது காலத்துக்கேனும் ஆறுதல் தரும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. எலும்பு முறிவிலும், காய்ச்சலிலும், காலில் இரத்தம் கட்டியிருக்கும்போதும் உருவக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஆக, அளவறிந்த கைக்கே இது வைத்தியம்.

அந்தக் கைகள்தாம் சிதறிப் போயின. 1990 ஜூனில் போர் மயிலிட்டி மக்களை இடம்பெயரச் செய்தது. அதே ஆண்டு ஒக்தோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். மயிலிட்டித் துறை மக்களிடம் திரும்பியது 2017 ஜூலையில். இடையில் கழிந்தவை 27 ஆண்டுகள், ஒரு தலைமுறை.

நூல்களுக்குக் குறைவில்லை. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யூனானி இரண்டையும் ஏற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த வைத்தியம் கற்பிக்கிறது. ஆனால் பெருவிரலை எங்கே, எவ்வளவு அழுத்துவது என்பதை ஏடு சொல்லித் தராது. அதைப் பரியாரியின் கை, பக்கத்திலிருப்பவனின் கைக்குத்தான் சொல்லித் தரும். இரு சமூகத்திலும் எஞ்சியுள்ள முதியவர்களின் பக்கத்தில் இப்போதே நம் பிள்ளைகளை இருத்த வேண்டும். கரை திரும்பக் கிடைத்ததுபோல், போன கை திரும்பக் கிடைக்காது.