வலிப்பின் கதை – 7: அனுபானம்

போன வாரம் பியேர் எமாரைக் குடுவையும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். லியோன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர். கெல்லின் என்ற தாவரப் பொருளை மூலமாக வைத்துப் புதுப்புதுச் சேர்மங்கள் செய்திருந்தார். தண்ணீரில் எதுவும் கரையவில்லை. கரையாததை எப்படி ஊசியில் ஏற்றுவது?

ஆண்டு 1962. இங்கே ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. எந்தக் குடியுரிமையை வைத்துக்கொள்வது என்பதே பல வீடுகளில் பேச்சு. அங்கே கிரனோபிளில், பெர்த்தியே ஆய்வகத்து மெனியே ஒரு யோசனை சொன்னார்: வால்ப்ராயிக் அமிலத்தில் கரைத்துப் பார்.

அது 1882-இல் பர்ட்டன் என்பவர் தயாரித்த திரவம். எண்பது வருடமாக மற்றதைக் கரைப்பதைத் தவிர அதற்குப் பெரிய பிழைப்பு இல்லை. சித்த வைத்தியர் சூரணத்தைக் குழைக்கிற தேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அனுபானம்.

கரைந்தது. வலிப்புக்குச் சோதிக்கலாம் என்றார் ஜார்ஜ் காராஸ் என்ற இன்னோர் ஆய்வாளர். பென்டிலீன்டெட்ரசோல் ஊசி போட்டால் ஆய்வுக்கூடப் பிராணிக்கு வலிப்பு கண்டுவிடும். மருந்தை முதலில் கொடுத்து, பிறகு இதைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். எழுதவே சங்கடமாக இருக்கிறது. ஆனால் வலிப்பு மருந்துகள் பலவும் இந்த வாசல் வழியாக வந்தவைதான்.

வலிப்பு வரவில்லை.

அத்தோடு கட்டுரை எழுதி முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மெனியே அதே திரவத்தில் கூமரின் வகைச் சேர்மம் ஒன்றைக் கரைத்தார். கெல்லினுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதுவும் வலிப்பை அடக்கியது! சந்தேகம் மெல்ல அனுபானத்தின் பக்கம் திரும்பியது. அதை மட்டும் தனியாக ஊசியில் ஏற்றினார்கள்.

அப்போதும் வலிப்பு வரவில்லை.

1963-இல் கட்டுரை, 1964-இல் நோயாளிகளிடம் கண்ட பலனைக் காராஸ் வெளியிட்டார், 1967-இல் பிரெஞ்சு மருந்துக்கடைகளுக்கு வந்துவிட்டது. நம் பேருந்து நிலையத்தில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க இன்றும் நாலு பேர் ஓடி வருவார்கள். சாவிக்கு அந்தச் சக்தி கிடையாது. சீட்டில் மருத்துவர் எழுதும் சோடியம் வால்ப்ராயேட்டுக்கு, அதாவது அந்த அமிலத்தின் உப்புக்கு, உண்டு.

ஆனால் கர்ப்பிணி விழுங்கும் மாத்திரை ஓர் உடம்போடு நிற்பதில்லை. பர்ட்டன் அந்த அமிலத்தைத் தயாரித்துச் சரியாக நூறு வருடம் கழித்து, 1982-இல், அதே லியோனில், எலிசபெத் ரோபெர் என்ற ஆய்வாளர் பிறவிக் குறைகளின் பதிவேட்டில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார் கர்ப்பகாலத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டார்கள்?

(தொடரும்)