வாகான்: ஆப்கானிஸ்தான் மேப்பில் ஏன் இந்த 'வால்'?

ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலையில், சீனாவை நோக்கி வால் போல நீண்டிருக்கும் மலைப்பகுதிதான் வாகான் வழித்தடம். நீளம் சுமார் 350 கி.மீ. குறுகலான இடத்தில் அகலம் 20 கி.மீ. கூட இல்லை. வடக்கே தஜிகிஸ்தான், தெற்கே பாகிஸ்தான் கட்டுப்பாட்டில் உள்ள பகுதிகள். இந்தியா தன் கணக்கில் காட்டும் 106 கி.மீ. ஆப்கன் எல்லையும் இங்கேதான் வருகிறது.

யார் போட்ட கோடு?

19-ம் நூற்றாண்டில் வடக்கே ரஷ்யா, தெற்கே பிரிட்டிஷ் இந்தியா. இரண்டு பேரரசும் நேரடியாக உரசிக்கொள்ளக் கூடாது என்று நடுவில் விட்ட இடைவெளி இது. 1893-ல் டூராண்ட் ஒப்பந்தம் தெற்கு எல்லையையும், 1895 ஒப்பந்தம் பாமிர் எல்லையையும் முடிவு செய்தன.

அங்கே வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்?

பள்ளத்தாக்கில் விவசாயம் செய்யும் வாகி மக்கள் இன்று ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், பாகிஸ்தான், சீனா என 4 நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள். பாஞ்ச் ஆற்றின் அக்கரையில் இருப்பதும் அதே மக்கள்தான், ஆனால் நாடு வேறு.

4,000 மீட்டருக்கு மேலே ஆடு, யாக் மேய்க்கும் கிர்கிஸ் மக்கள் முன்பு குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள். சோவியத், சீன எல்லைகள் மூடப்பட்டதும் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். 1978-ல் ரஹ்மான் குல் தலைமையில் 1,000-க்கும் அதிகமானோர் பாகிஸ்தானுக்கு வெளியேறினர். பலர் 1982-ல் துருக்கியில் குடியேற, சிலர் மட்டும் அதே பனிமலைக்குத் திரும்பினர்.