மோல்டு வெட்டப்படாத விமானங்கள்

ரிமோட்டில் பறக்கும் பெரிய ஃபோம் போர்விமானங்களை விற்கும் எந்த நிறுவனத்தின் பட்டியலைப் புரட்டினாலும் பெயர்கள் அதிகம் மாறுவதில்லை. அமெரிக்காவின் பி-51 மஸ்டாங், பி-47 தண்டர்போல்ட், கோர்ஸேர்; பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர்; ஜெர்மனியின் ஃபோக்க-வுல்ஃப் 190. இறக்கை முனைக்கு முனை 1.4 மீட்டரோ 1.7 மீட்டரோ இருக்கும். சக்கரங்கள் உள்ளே மடங்கும், ஃபிளாப் இறங்கும், படைப்பிரிவின் எண்வரை உடலில் ஒட்டியிருக்கும். ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவருக்கும் கிடைப்பது இதே வரிசைதான். ஆனால் ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், பெங்களூரில், இரண்டாம் உலகப்போர்க் காலம் தொட்டே போர்விமானங்கள் பூட்டப்பட்டன, பழுது நீக்கப்பட்டன, பின்னர் சொந்தமாக வடிவமைக்கவும்பட்டன. அந்தச் சொந்த வடிவங்களை இந்தப் பட்டியல்களில் தேடினால் கிடைப்பதில்லை. அவை சோடைபோனவை, அதனால் மறக்கப்பட்டன என்பது எளிய விடை. என் கணிப்பு வேறு. ஒரு விமானம் மக்கள் நினைவில் நிற்பதற்கு அது போரில் பார்த்த வேலை மட்டும் போதாது. அதற்கு மோல்டு வெட்ட யாராவது பணம் போட்டிருக்க வேண்டும்.

முதலில் இந்த மண்ணில் நடந்ததைப் பார்ப்போம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த், அமெரிக்கரான வில்லியம் பாலியின் துணையோடும் மைசூர் அரசின் முதலீட்டோடும் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (எச்ஏஎல்) நிறுவனத்தைத் தொடங்கினார். நிலத்தைக் கொடுத்ததும் சமஸ்தானம்தான். தொழிலுக்கான அடித்தளமும் அங்கே ஏற்கெனவே இருந்தது: சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902இலேயே கோலார் தங்கவயலுக்கு வந்துவிட்டது. பத்ராவதியில் இரும்பாலை இருந்தது. ஓசூர் வட்டமோ அன்று சென்னை மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில், தலைநகரிலிருந்து வெகுதூரத்தில், எல்லையோரமாக ஒதுங்கிக் கிடந்தது. படைக்கு அது கொடுத்ததெல்லாம் குதிரைதான். 1824இல் மத்திகிரியில் தொடங்கிய பண்ணை ராணுவக் குதிரைகளுக்கானது. தானே முடிவெடுத்துப் பணம் போடக்கூடிய அரசு ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை. இந்த ஒரு வேற்றுமையால்தான் விமானத் தொழில் பெங்களூரில் வேரூன்றியது என்று சொன்னால் மிகையாகாது. 1941இல் ஹார்லோ பயிற்சி விமானம் அங்கே பூட்டப்பட்டுப் பறந்தது. 1942இல் கர்ட்டிஸ் ஹாக் போர்விமானம் பறந்தது. ஹாக் ஒரு சிலதான் முடிந்தன. ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் புது விமானம் கட்டுவதைவிட, அடிபட்டு வருவதைச் சரிசெய்வதே அவசரமாகிவிட்டது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க ராணுவ விமானப்படையின் பொறுப்புக்குப் போனது. கேட்டலைனா பறக்கும் படகுகளும் குண்டுவீச்சு விமானங்களும் வரிசையில் நின்று பழுது பார்த்துக்கொண்டு போயின.

பழுதுபார்ப்பு என்றால் கீழான வேலை என்று நினைப்பவர்கள் லிபரேட்டர் கதையைக் கவனிக்க வேண்டும். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடமிருந்த அமெரிக்க பி-24 லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்து, யாரும் திரும்பப் பறக்கவிடாதபடி சிதைத்துவிட்டுப் போனது. கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வந்த விமானங்களை மற்றவர் கையில் விட்டுச்செல்லக் கூடாது என்பது நிபந்தனை. அந்தக் குப்பையிலிருந்து நல்ல பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள் பெங்களூர்த் தொழிலாளர்கள். நான்கு எஞ்சின், 33 மீட்டருக்கு மேல் இறக்கை, எந்தப் பாகம் எப்போது கைவிடும் என்று தெரியாத உடல். அதைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஓட்டிவந்து முழுதாகப் பிரித்துப் பூட்டினார்கள். 1948 முதல் 1968 வரை இந்திய விமானப்படையில் அவை பறந்தன. இன்று மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் முழு உருவத்தோடு நிற்கும் லிபரேட்டர்களில் பல, லண்டன் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது உட்பட, இந்தியாவிலிருந்து போனவை. இருந்தும் லிபரேட்டருக்கு மாதிரி செய்தால் அதற்குப் பூசப்படுவது பெரும்பாலும் ஏதோ ஒரு அமெரிக்கப் படைப்பிரிவின் வண்ணம்தான். மோல்டு ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும். கான்பூரில் சிதைந்ததும் பெங்களூரில் உயிர்பெற்றதும் அந்த வடிவத்தில் எங்கும் பதியவில்லை.

என் கணிப்புக்கு வலுவான சான்று இரண்டாவது கதை. பட்டியல்களில் தவறாமல் வரும் ஃபோக்க-வுல்ஃப் 190ஐ வடிவமைத்தவர் குர்ட் டாங்க். அவரே 1956இல் ஜெர்மன் பொறியாளர்கள் சிலரோடு பெங்களூர் வந்து, இந்தியப் பொறியாளர்களுடன் சேர்ந்து எச்எஃப்-24 மாருத் ஜெட் போர்விமானத்தை வடிவமைத்தார். மாதிரி விமானக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இதில் உண்டு. மாருத் உலோகத்தில் உருவாகும் முன் அதே அளவில், அதே வடிவில், எஞ்சின் இல்லாத ஒரு மரக் கிளைடரைச் செய்தார்கள். எக்ஸ்-241 என்று பெயர். 1959இல் டகோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய் விட்டது. இப்படி 86 முறை பறந்து, புதிய இறக்கை காற்றில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அது காட்டிக் கொடுத்தது. மாதிரி என்பது முடிந்த விமானத்தின் பொம்மை என்று நாம் நினைக்கிறோம்; இங்கே மாதிரிதான் முதலில் வந்தது. 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் உண்மையான மாருத்தைப் பறக்கவிட்டார். எதிர்பார்த்த வலுவான எஞ்சின் கடைசிவரை கிடைக்காததால் ஒலியின் வேகத்தைத் தாண்டும் கனவு நிறைவேறவில்லை என்பது உண்மை. ஆனால் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் அது தாக்குதலுக்குப் போய்த் தன் பங்கைச் செய்தது; 1990 வரை பணியில் இருந்தது. ஒரே மனிதர் வரைந்த இரண்டு விமானங்கள். ஒன்றுக்குப் பல நிறுவனங்கள் மோல்டு வெட்டியிருக்கின்றன. மற்றதற்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். இதைத் திறமைக் குறைவால் விளக்க முடியாது.

பிறகு எதனால்? ஃபோம் வார்க்கும் முறையிலேயே பாதி விடை இருக்கிறது. கடுகு போன்ற பிளாஸ்டிக் மணிகளை முன்கூட்டியே சற்று உப்பவைத்து, அலுமினிய மோல்டுக்குள் நிரப்பி, நீராவி செலுத்துவார்கள். மணிகள் விரிந்து ஒன்றோடொன்று ஒட்டி மோல்டின் உருவத்தை எடுக்கும். குளிரவைத்து வெளியே தள்ளுவார்கள். டிவி பெட்டிக்குள் வரும் தெர்மாகோலும் இப்படித்தான் பிறக்கிறது. மாதிரி விமானத்துக்குப் பயன்படும் ஈபிஓ வகை அதைவிட வளைந்து கொடுக்கும். சாதாரண இன்ஸ்டன்ட் பசை தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஈபிஓவை ஒன்றும் செய்யாது. கீழே விழுந்து மூக்கு உடைந்தால் அங்கேயே ஒட்டி மறுபடி ஏற்றலாம். ஒரு விமானத்தை வார்க்கும் செலவு சொற்பம். ஆனால் உடலின் இரு பாதி, இறக்கை, வால் என்று ஒவ்வொன்றுக்கும் மோல்டு வேண்டும், அதன் விலை அதிகம். ஆகவே ஆயிரக்கணக்கில் விற்கும் என்று நிச்சயமாகத் தெரிந்ததற்கு மட்டுமே மோல்டு வெட்டுவார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பகுதி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்குத் தெரிந்த பெயர் மஸ்டாங். முன்பு பால்சா மரத்தில் குச்சி குச்சியாகக் கட்டிய காலத்தில் இந்தத் தடை இல்லை. வரைபடம் ஒன்று இருந்தால் எவரும் எந்த விமானத்தையும் கட்டலாம், பல மாதம் பிடிக்கும், அவ்வளவுதான். ஃபோம் அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது. கூடவே தேர்வையும் சுருக்கிவிட்டது. இந்த ஏற்பாட்டை வாங்குகிறவர் எவரும் யோசித்து ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

மின்னணு பக்கம் கதை வேறு. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் மலிவானதும் பெட்ரோல், கிளோ எஞ்சின்களின் தொல்லை ஒழிந்தது. முன்பெல்லாம் ஒரே மைதானத்தில் இருவர் ஒரே சேனலில் ரிமோட்டைப் போட்டால் ஒருவர் விமானம் தரையில் குத்தும், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகள் அந்தப் பயத்தைப் போக்கின. இந்தியாவிலும் 2005 ஜனவரியில் அந்த அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இன்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. ஆக மோட்டார், சர்வோ, ரிமோட் எல்லாம் எந்த விமானத்துக்கும் பொது. உடலுக்கு மட்டும்தான் மோல்டு வேண்டும்.

உடல் வடிவம் மாதிரிக்குத் தோதாக இருக்காது, அதனால்தான் வார்க்கவில்லை என்று ஒருவர் மறுக்கலாம். மாருத்தைப் பொறுத்தவரை இதில் நியாயம் உண்டு. கனமான ஜெட் உருவம், 9 மீட்டர் இறக்கைக்கு ஏறத்தாழ 16 மீட்டர் நீளம். மாதிரியில் மெதுவாக இறக்குவது சிரமம். ஆனால் எச்டி-2க்கு என்ன சாக்கு? கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டிலிடம் படித்துவிட்டு வந்த வி.எம். காட்கே வடிவமைத்து, 1951 ஆகஸ்டில் பறந்த பயிற்சி விமானம் அது. இந்திய விமானப்படையின் ஒரு தலைமுறையே அதில் பறக்கக் கற்றது. கானா நாட்டு விமானப்படை தொடங்கியபோது அங்கும் போனது. தாழ்வாகப் பொருத்திய நேரான இறக்கை, மடங்காத சக்கரம், முன்னால் ஒரே ஒரு புரொப்பெல்லர். இறக்கை 10.7 மீட்டர். 1.7 மீட்டர் மஸ்டாங் எந்த விகிதத்தில் சுருங்கியதோ அதே விகிதத்தில் இதைச் சுருக்கினால் 1.6 மீட்டர் வரும். கையில் எடுத்துக்கொண்டு போகக் கச்சிதமான அளவு. மெதுவாகப் பறக்கும், மன்னிக்கும் குணமுள்ள விமானம் வேண்டும் என்று புதியவர்கள் தேடுகிறார்கள். மாணவர்களுக்கென்றே வடிவமைத்த ஒன்று இங்கேயே இருந்தது. வடிவம் தடையல்ல, சந்தைதான் தடை.

ஸ்பிட்ஃபயரை வாங்கி அதன் ஸ்டிக்கரை உரித்துவிட்டு இந்திய வட்டச் சின்னத்தை ஒட்டினால் போதாதா என்று இன்னொரு கேள்வி. 1947-48 காஷ்மீர்ப் போரில் நம் விமானப்படை ஸ்பிட்ஃபயரையும் டெம்பெஸ்டையும் பறக்கவிட்டது உண்மை. அப்படி வண்ணம் மாற்றுவதில் வரலாற்றுப் பிழையும் இல்லை. செய்யலாம், செய்ய வேண்டும். ஆனால் அது ஓட்டியவர்களின் வரலாற்றை மட்டுமே காட்டும். செய்தவர்களின் வரலாற்றுக்கு எச்டி-2உம் மாருத்தும் வேண்டும். பெங்களூரில் எச்ஏஎல் 2001இல் திறந்த அருங்காட்சியகத்தில் இவற்றை நேரில் பார்க்கலாமே என்பாரும் உண்டு. நிறுத்திவைத்த விமானத்தில் உலோகத்தையும் ஆணியையும் பார்க்கலாம். அது காற்றில் எப்படித் திரும்பும், எந்த வேகத்தில் துவளும், இறங்கும்போது வாலை எப்படித் தாழ்த்தும் என்பதைப் பறக்கும் மாதிரிதான் சொல்லும், அதுவும் ஓரளவுக்குத்தான். போர்க்கருவியைப் பொம்மையாக்கி ரசிப்பது சரியா என்ற தயக்கத்தை மட்டும் நான் எளிதில் தள்ள மாட்டேன். படைப்பிரிவின் எண்ணையும் வீழ்த்திய கணக்கையும் வண்ணத்தில் ஒட்டி விற்பதில் ஒரு கூச்சமின்மை இருக்கத்தான் செய்கிறது. அந்தக் கோணத்தில் பார்த்தாலும் குண்டு போடாத பயிற்சி விமானமே மேல்.

எல்லைக்கு இந்தப் பக்கம் விமானத் தொழில் வரவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1970களில் சிப்காட் வந்தது. அடுத்த பத்தாண்டில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எல்லாம் ஓசூரில் வேரூன்றின. அவற்றைச் சுற்றி டை, மோல்டு, டூல் ரூம் என்று ஒரு கைத்திறனே வளர்ந்தது. 1988இல் பதிவான தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் தேன்கனிக்கோட்டை வட்டாரத்து பேளகொண்டப்பள்ளியில் சுமார் 7,000 அடி ஓடுபாதையோடு தொழிற்சாலை அமைத்தது. இத்தாலியின் பார்ட்டனேவியா உரிமத்தில் பி-68 என்னும் ஆறு இருக்கை, இரட்டை எஞ்சின் விமானத்தை 1990களில் இங்கே கட்டியது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் கலப்பு இழைப் பயிற்சி விமானத்தின் தயாரிப்பிலும் அதற்குப் பங்கு உண்டு. முழு விமானம் கட்டும் முயற்சி பெரிதாக வளரவில்லை. பாகங்களும் பராமரிப்புமே நிலைத்தன. போர்க்காலத்துப் பெங்களூருக்கும் இதுவே நேர்ந்தது என்பதைக் கவனிக்கலாம். இப்போது தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. டேஷ்போர்டுக்கும் கடிகாரத்துக்கும் மோல்டு வெட்டத் தெரிந்த ஊருக்கு எச்டி-2 இறக்கைக்கு வெட்டுவது பெரிய வேலை இல்லை. தொழில்நுட்பம் கைவசம் இருந்தும் கேட்பவர் இல்லை என்பதுதான் நிலைமை.

கேட்பவர் பெருகும்வரை வழி பழையதுதான். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் ஷீட்டையும் தெர்மாகோலையும் சூடான கம்பியாலும் கட்டராலும் அறுத்து உடலைக் கட்டிக்கொள்வது. இந்தியாவில் பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஆர்வலர்களும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்து, உதிரிபாகங்களுக்கு விலக்கு கிடைத்த பின் இந்த வழிக்குக் கூடுதல் காரணமும் சேர்ந்தது. 2021 ட்ரோன் விதிகள் பொழுதுபோக்கு மாதிரிகளுக்கு வகைச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் வான்வெளி வரம்பு அவற்றுக்கும் பொருந்தும். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம்தான். ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான பன்னாட்டு விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். பெங்களூர் நிலையத்தின் ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் புதிய நிலையத்துக்கு 2033 வரை தடை இருக்கிறது. அதைத் தாண்டி இது எப்போது எழும் என்பது இரு மாநிலங்களும் மத்திய அரசும் பேசித் தீர்க்க வேண்டிய சங்கதி. எழுந்துவிட்டால், 12 கிலோமீட்டர் ஆரம் என்பது 450 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நகரத்தைச் சுற்றியுள்ள மைதானங்களும் வறண்ட ஏரிகளும் பெரும்பாலும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். மாதிரி விமானக்காரர்கள் அப்போது ராயக்கோட்டை, ஊத்தங்கரைப் பக்கம் இடம் பார்க்க வேண்டியிருக்கும்.