வீட்டு அடுப்பில் பிறந்த மொறுமொறுப்பு



"வீட்டில் பொரிக்கும் மீனை என் மகன் தொடுவதே இல்லை. மொறுமொறுவென்று மாவு பூசிய கடைக் கோழிதான் வேண்டுமாம். அதெல்லாம் கடைக்காரர்கள் கண்டுபிடித்தது, நம்மால் வீட்டில் செய்ய முடியாது என்கிறான். அப்படியா?"

நம் கலந்துரையாடலில் ஒரு தாய் எழுந்து இப்படிக் கேட்டார். அரங்கில் சிரிப்பலை எழுந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கைச்சமையலைப் பிள்ளை ஒதுக்குகிறானே என்ற வருத்தம் அவருக்கு. அந்தத் தாய்க்கான பதில்தான் இன்றைய உரை.

கோலாலம்பூர் ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கே.எஃப்.சி. கடை திறக்கப்பட்டது 1973ஆம் ஆண்டில்தான். மாவு பூசிப் பொரிக்கும் பழக்கமோ அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. அது வளர்ந்தது வீட்டு அடுப்படிகளில்!

காட்டிக் கொடுத்த வாசனை

ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் வாழ்ந்த யூதர்கள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் அடுப்பு மூட்டமாட்டார்கள். மறுநாள் இரவு வரை அவர்களுக்கு ஓய்வு நாள். ஆகவே வெள்ளிக்கிழமையே மீனை மாவில் புரட்டி எண்ணெயில் பொரித்து வைத்து, மறுநாள் ஆறிய மீனைச் சாப்பிட்டார்கள். மாவுப் பூச்சு மீனைக் காய்ந்துவிடாமல் காத்தது.

1492இல் ஸ்பெயின் அவர்களை நாட்டை விட்டு விரட்டியது. 1497இல் போர்ச்சுகலில் கட்டாய மதமாற்றம் நடந்தது. மதம் மாறியவர்களையும் சந்தேகக் கண்கள் விடவில்லை. பன்றிக் கொழுப்பில் சமைக்காமல் எண்ணெயில் சமைக்கிறார்கள், அதனால் அவர்கள் வீடே நாறுகிறது என்று ஆண்ட்ரஸ் பெர்னால்டெஸ் என்ற பாதிரியார் அக்காலத்திலேயே எழுதி வைத்தார். சமையல் பழக்கங்கள் மத விசாரணை மன்றத்தில் சாட்சியாயின. சற்றே நினைத்துப் பாருங்கள்... அடுப்படியிலிருந்து வரும் வாசனை ஓர் உயிரையே பறித்துவிடக் கூடும்! அப்படியும் அந்தத் தாய்மார்கள் தங்கள் சமையலைக் கைவிடவில்லை.

மலாக்கா வழியே ஜப்பானுக்கு

1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், அங்கிருந்து கிழக்கே சென்று 1543இல் ஜப்பானை அடைந்தனர். கத்தோலிக்கர்களான அவர்கள் விரத நாட்களில் இறைச்சியை விலக்கி, மீனையும் காய்கறியையும் மாவில் தோய்த்துப் பொரித்தனர். அந்த விரத நாட்களைக் குறிக்கும் 'தெம்போரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே 'தெம்புரா' என்ற பெயர் வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். 1639இல் ஜப்பான் போர்த்துக்கீசியரை வெளியேற்றியது. அவர்கள் போனார்கள், பலகாரம் தங்கிவிட்டது.

லண்டன் வீதியிலே

1656இல் யூதர்கள் மீண்டும் இங்கிலாந்தில் வாழ வழி பிறந்தது. அவர்களோடு பொரித்த மீனும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி வெளியிட்ட சமையல் நூலில், யூதர் முறையில் மீனைப் பொரித்துக் காடியில் ஊறவைக்கும் குறிப்பு இருக்கிறது. அப்படிச் செய்த மீன் ஓராண்டு கெடாது, கிழக்கிந்தியப் பயணத்திற்கும் தாங்கும் என்கிறார் அவர். 1860களில் பொரித்த மீனோடு உருளைக்கிழங்கு வறுவலும் சேர்ந்து தொழிலாளர்களின் உணவானது. முதல் கடை லண்டனிலா, லங்காஷயரிலா என்ற சச்சரவு இன்னும் ஓயவில்லை. இரண்டாம் உலகப் போரில் பல உணவுகளுக்குப் பங்கீடு வந்தபோதும் இந்த உணவின் மீது அரசாங்கம் கை வைக்கவில்லை.

நம் வீட்டு அடுப்பில்

சரி, அந்த மொறுமொறுப்பின் இரகசியம் என்ன? கோதுமை மாவைக் கலக்கக் கலக்க அதற்கு இழுவை வந்துவிடும். பூச்சு ரப்பர் போலாகும். ஆகவே பாதி கோதுமை மாவு, பாதி அரிசி மாவு, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர், உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பஜ்ஜி மாவைவிடச் சற்று நீர்க்க, ஐஸ் தண்ணீர் ஊற்றி, கட்டி இருந்தாலும் பரவாயில்லை என்று லேசாகக் கலக்குங்கள்.

தெங்கிரி மீன் துண்டுகளின் ஈரத்தை நன்றாகத் துடைத்து, உலர்ந்த மாவில் புரட்டி, பிறகு கரைசலில் தோய்த்துப் போடுங்கள். எண்ணெய் 180 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே மேலெழுந்து பொரிய வேண்டும். அந்தச் சூட்டில் மாவிலுள்ள நீர் ஆவியாகிச் சீறி வெளியேறும். சூடு குறைந்தால் எண்ணெய்தான் உள்ளே ஏறும். கோழியாக இருந்தால் சிறு துண்டுகளாக்கி, உள்ளே வெந்துவிட்டதா என்று பார்த்து எடுங்கள். பொரித்ததைக் கம்பித் தட்டில் வையுங்கள். மூடி வைத்தால் ஆவி பட்டு நமுத்துப்போகும்.

அம்மா, அடுத்த முறை மீன் பொரிக்கும்போது மகனைப் பக்கத்தில் நிறுத்தி மாவு கரைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் காயும் நேரத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உயிருக்கு அஞ்சிய காலத்திலும் தாய்மார்கள் வீட்டு அடுப்பில் காத்து வைத்த ருசி இது என்று தெரிந்தால், நீங்கள் வைக்கும் தட்டை அவன் அவ்வளவு எளிதில் ஒதுக்கமாட்டான்.