கம்பிக்கும் எலும்புக்கும் நடக்கும் பந்தயம்

திருவையாறு பக்கம் காவிரிக் கரை வாழைத் தோட்டங்களில், குலை தள்ளிய மரத்துக்குக் கழியால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். குலை வெட்டும் வரை அந்தக் கழி தாங்கினால் போதும். இளங்கன்றுக்கு ஊன்றும் கொம்பு அப்படி அல்ல. கன்று பருக்கப் பருக்கக் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டையை அறுத்துவிடும். வளைந்த முதுகெலும்புக்கு வைக்கப்படும் உலோகக் கம்பியும் இந்த இரண்டு வேலைகளில் ஒன்றைத்தான் செய்கிறது.

இந்த உவமை புதிதல்ல. 1741-ல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கோலா ஆந்திரி தம் நூலில், கொம்போடு சேர்த்துக் கட்டிய கோணல் மரத்தின் படத்தை வெளியிட்டார். 'ஆர்த்தோபீடிக்ஸ்' என்ற சொல்லும் அவர் தந்ததே. அந்த மரம் இன்றும் பல நாடுகளில் எலும்பு மருத்துவர் சங்கங்களின் சின்னமாக இருக்கிறது.

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து முறுக்கிக்கொள்வதே ஸ்கோலியோசிஸ். பெரும்பாலும் காரணம் தெரிவதில்லை. முன்பு போலியோவும் ஒரு முக்கியக் காரணமாக இருந்தது. ஒரு பக்கத் தசைகள் வலுவிழந்தால் முதுகு சாய்ந்துவிடும். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011-ல் கண்டறியப்பட்டார். 2014-ல் நாடு போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவரிடம் வந்தவர்களும் போலியோ தாக்கிய பிள்ளைகளே. அக்காலத்தில் மாதக்கணக்கில் மாவுக்கட்டுப் போடுவது வழக்கம். மூச்சுவிடவே சிரமப்படும் குழந்தைக்கு அது ஒத்துவராது. எனவே அவர் இரு முனைகளிலும் கொக்கி மாட்டிய எஃகுக் கம்பியை முதுகுக்குள் வைத்து, ஜாக்கி போல விரித்து வளைவை நிமிர்த்தினார். முதலில் கம்பியை மட்டுமே நம்பினார். கொக்கிகள் நழுவின, கம்பிகள் முறிந்தன. பிறகு எலும்புத் துண்டுகளை வைத்து முதுகெலும்புகளை ஒன்றாக இணையவும் செய்தார். அந்த முறை 1962-ல் வெளியானது.

கம்பி ஏன் முறிகிறது? கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் சிறிது நேரத்தில் அறுந்துவிடும். ஒவ்வொரு அசைவிலும் நுண்ணிய விரிசல் வளர்கிறது. இதை உலோகச் சோர்வு என்பர். குழந்தை குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகுக்குள் இதுவே சிறிய அளவில் நடக்கிறது. ஹாரிங்டன் கம்பியில் ஜாக்கிக்காக வெட்டிய பற்கள் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் முறிவு ஏற்பட்டது. ஜவுளிக்கடையில் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டுத் துணியைக் கிழிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆகவே எலும்பு கூடுவது முந்துமா, கம்பி முறிவது முந்துமா என்பதே பந்தயம்.

1970-களில் மெக்சிகோவின் எடுவார்டோ லூக்கே, ஒவ்வொரு முதுகெலும்பிலும் கம்பியைக் கட்டிப் பாரத்தைப் பகிர்ந்தார். 1980-களில் பிரான்சின் கோத்ரெல், துபூசே இருவரும் இரட்டைக் கம்பி முறையைக் கொண்டுவந்தனர். அதன்பின் திருகாணிகள் வந்தன. முறிவுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் சிக்கல் வேறு. ஐந்து வயதில் முதுகெலும்பை இணைத்துவிட்டால் மார்பும் நுரையீரலும் வளர இடம் இருக்காது. எனவே நீட்டிக்கொள்ளக்கூடிய கம்பி வைக்கிறார்கள். இங்கே எலும்பு கூடக் கூடாது. அதனால் வளரும் ஆண்டுகள் முழுவதும் கம்பியே பாரத்தைச் சுமக்கிறது. ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுவை செய்து நீட்டவும் வேண்டும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று ஒவ்வொரு முறையும் நடவையோ அறுவடையையோ விட்டுவிட்டுப் பெரிய நகரத்து மருத்துவமனைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வாக, வெளியிலிருந்தே காந்தத்தால் நீளும் கம்பி வந்தது. ஹாங்காங் மருத்துவர்கள் 2012-ல் இதன் முதற்பலனை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். அறுவைகள் குறைந்தன. ஆனால் உள்ளே அசையும் பாகங்கள் தேய்ந்து, டைட்டானியத் துகள் சுற்றியுள்ள திசுவில் படிந்தது தெரியவந்தது. 2020-ல் பிரிட்டன் அதன் விநியோகத்தை நிறுத்திவைத்தது.

தேய்மானம் எப்படித் தெரிந்தது? வெளியே எடுத்த கம்பிகளைத் தூக்கி எறியாமல், பிரித்து ஆராய்ந்ததால்தான். இந்தியாவிலும் மருத்துவக் கருவிகளின் கோளாறுகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் 2015-ல் தொடங்கப்பட்டது. முறிந்த கம்பி ஒவ்வொன்றும் அதில் பதிவானால், அடுத்த குழந்தைக்கு வைக்கும் கம்பி எங்கே பலவீனமாக இருக்கிறது என்பது முன்பே தெரிந்துவிடும்.