கத்தரி மூசையும் துத்தநாகமும்: இரசநூற் செய்முறை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இந்திய மொழிகளில் உள்ள இரசநூல்களை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவற்றின் சமயக் கொள்கைகளையும் காலத்தையும் ஆசிரியர் வரலாற்றையும் பற்றியே மிகுதியாக எழுதியுள்ளனர். அந்நூல்களின் பெரும்பகுதியாக விளங்கும் செய்முறைப் பாடல்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. அவற்றில் பயிலும் காய், பூ, பறவை முதலியவற்றின் பெயர்கள் உவமை அலங்காரங்களாகவே கருதப்பட்டு வந்தமை இதற்கு ஒரு காரணம் எனலாம். அவ்வாறு அலங்காரமாகத் தோன்றும் ஒரு சொல், உண்மையில் ஆய்வுக்கருவி ஒன்றன் வடிவத்தைத் திட்பமாகக் குறிக்கும் கலைச்சொல் என்பதைத் துத்தநாகப் பிரிப்புமுறையைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. இரசசாலை

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் முதன்மை நூல் வாக்படர் இயற்றியதாகக் கூறப்படும் 'இரசரத்ன சமுச்சயம்' ஆகும். இவ்வடமொழி நூலின் காலம் 13, 14ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர். இதன் பகுதிகள் பலவற்றை வங்கத்து வேதியியலறிஞர் பிரபுல்ல சந்திர ராய் தம் இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியில் (1902) ஆங்கிலப்படுத்தினார். ராய் நூலறிவு மட்டும் உடையவர் அல்லர். கல்கத்தா மாநிலக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மெர்க்குரஸ் நைட்ரைட்டைத் தயாரித்து 1896இல் அறிவித்தவர். ஆதலின் பழஞ்சுவடிகளைச் செய்து பார்ப்பவரின் கண்கொண்டு படிக்க அவரால் இயன்றது.

இரசசாலை அமைய வேண்டிய முறையை இந்நூல் விரித்துரைக்கிறது. மூலிகையும் கிணறும் மிக்க இடத்தில் அது அமைய வேண்டும். உலைகள் தென்கிழக்கிலும், கழுவும் தொழில் மேற்கிலும், உலர்த்தும் தொழில் வடமேற்கிலும் நிகழ வேண்டும். துருத்தி, உரல், உலக்கை, பலவகைக் கண்ணளவுள்ள சல்லடைகள், மூசை செய்வதற்குரிய மண் ஆகியவற்றைத் திரட்டி வைக்க வேண்டும். திசைகளை வகுத்ததில் சமய நம்பிக்கைக்கும் இடமுண்டு. எனினும் நெருப்பு, நீர், காற்று ஆகியவற்றைக் கொண்டு செய்யும் தொழில்களைத் தனித்தனி இடங்களில் பிரித்து வைத்த நடைமுறை அறிவும் இதில் தெளிவாகவே புலனாகிறது.

3. மூசையின் இலக்கணம்

'மூஷா' என்னும் வடசொல் தமிழில் 'மூசை' என வழங்குகிறது. பொன்னை உருக்கும் மட்கலத்தைப் பொற்கொல்லர் இப்பெயரால் அழைப்பர். சித்தர் நூல்கள் இதனைக் 'குகை' என்றும் கூறும். மூசை வகைகள் பலவற்றை எடுத்துரைக்கும் இரசரத்ன சமுச்சயம், அவற்றுள் ஒன்றை 'விருந்தாக மூஷை' என்கிறது. விருந்தாகம் என்பது கத்தரிக்காய். கத்தரிக்காய் வடிவான கலத்தில் பன்னிரண்டு விரல் நீளமுள்ள குழாய் பொருந்தியிருக்கும். குழாயின் முனை ஊமத்தம் பூவைப் போல விரிந்திருக்கும். கர்ப்பரம் முதலிய மெல்லிய பொருள்களின் சத்தை எடுப்பதற்கு இது பயன்படும் என்பது அதன் இலக்கணமாகும். கர்ப்பரம் அல்லது இரசகம் என்பது துத்தநாகம் கலந்த கனிமத்தைக் குறிக்கும்.

4. பிரித்தெடுக்கும் முறை

துத்தநாகத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பது இரும்பையோ செம்பையோ பிரிப்பதைவிடக் கடினமானது. துத்தநாக ஆக்சைடு கரியுடன் வினைபுரிந்து உலோகமாக மாறச் சுமார் 1000 பாகை செல்சியசு அல்லது அதனினும் மிக்க வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எனவே உலோகம் பிறக்கும்போதே ஆவியாகப் பிறக்கிறது. அவ்வாவி காற்றுப் பட்ட மாத்திரத்தில் எரிந்து வெண்புகையாகிவிடும். ஆகவே திறந்த உலையில் எவ்வளவு ஊதினாலும் உலோகம் கைக்கு எட்டாது. காற்றுப் புகாத கலமும் ஆவி குளிர்வதற்கு ஓரிடமும் இன்றியமையாதவை.

இரசரத்ன சமுச்சயம் இரு முறைகளைக் கூறுகிறது. முதல் முறையில் மஞ்சள், திரிபலை, குங்கிலியம், இந்துப்பு, புகைக்கரி, வெங்காரம், சேங்கொட்டை ஆகியவற்றைப் புளிப்புச் சாற்றுடன் கூட்டிக் கனிமத்தோடு அரைத்துக் கத்தரி மூசையின் உட்புறத்தில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் வேறொரு மூசையைக் கவிழ்த்து மூடி ஊதி எரிக்க வேண்டும். சுடர் நீலநிறத்திலிருந்து வெண்மையாக மாறும்போது மூசையைக் குறட்டால் பற்றித் தலைகீழாக்கி, குழாய் உடையாதவாறு மெல்லத் தரையில் தட்ட வேண்டும். அப்போது வெள்ளீயம் போல ஒளிரும் சத்து வீழும்.

இதில் வீண்சொல் ஒன்றும் இல்லை. மஞ்சளும் குங்கிலியமும் சேங்கொட்டையும் வெப்பத்தில் கருகிக் கரியாகி, ஆக்சைடிலிருந்து ஆக்சிசனை நீக்க உதவுகின்றன. கார்பன் மோனாக்சைடு எரிவதால் நீலச்சுடர் தோன்றுகிறது. துத்தநாக ஆவி வெளிப்பட்டு எரியத் தொடங்கும் நிலையையே வெண்சுடர் குறிக்கிறது எனக் கொள்ளலாம். குழாயைக் காக்க வேண்டும் என்னும் எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. ஆவி குளிர்ந்து படியும் இடம் அதுவே.

இரண்டாம் முறையில் கோஷ்டிகை என்னும் அமைப்பினுள் நீர் நிறைந்த கலத்தை வைத்து, அதன்மேல் துளையிட்ட தட்டை இட்டு, கனிமம் அடங்கிய மூசையை அதன்மீது கவிழ்த்து இலந்தைக் கரியால் எரிக்க வேண்டும். உலோகம் கீழே நீரில் சொட்டும். ஆவியை மேலேற விடாமல் கீழ்நோக்கிச் செலுத்திக் குளிர்விக்கும் வாலை முறை இது.

5. சோதனை முறை

பிரித்த பொருளைச் சோதித்தறியும் முறைகளையும் இரசநூலார் அறிந்திருந்தனர். இதற்கு முற்பட்டதாகக் கருதப்படும் 'இரசார்ணவம்' உலோகங்களைச் சுடரின் நிறங்கொண்டு வேறுபடுத்துகிறது. செம்பின் சுடர் நீலம் என்றும் வெள்ளீயத்தின் சுடர் புறாவின் நிறம் என்றும் அது கூறும். தூய உலோகம் மூசையில் உருகும்போது பொறி சிதறாது, குமிழியிடாது, ஒலி எழுப்பாது, மணி போல அமைதியுற்றிருக்கும் என்பதும் அந்நூற் கருத்து. இங்கும் புறாவும் மணியும் அணிநயத்திற்காக வந்தவை அல்ல. அளவுகோல் இல்லாத காலத்தில் கண்ணுக்கு அளவுகோலாக நின்றவை.

6. சாவர் அகழாய்வு

இச்செய்முறைகள் ஏட்டளவில் நின்றவையா, நடைமுறையில் இருந்தவையா என்னும் வினாவுக்கு விடை இராசசுத்தானத்தில் கிடைத்தது. உதயப்பூருக்குத் தெற்கே அமைந்த சாவரில் பிரிட்டிசு அருங்காட்சியகம், பரோடா மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகம், இந்துத்தான் சிங்க் நிறுவனம் ஆகியவை இணைந்து 1983இல் அகழாய்வு நடத்தின. பால் கிராடக், கே. டி. எம். எக்டே முதலியோர் இதில் ஈடுபட்டனர். அங்கே வெளிப்பட்ட உலைகளில் கத்தரிக்காய் வடிவான மட்கலங்கள், ஓர் உலைக்கு முப்பத்தாறு வீதம், வரிசைக்கு ஆறாகத் தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. அக்குழாய்கள் துளையிட்ட தட்டின் வழியே கீழறைக்குள் இறங்கின. மேலறையில் நெருப்பு, கீழறையில் உலோகம் குளிர்ந்து சேருமிடம். கத்தரி வடிவும், நீண்ட குழாயும், துளைத்தட்டும், கீழ்நோக்கிய வாலையும் நூலில் உள்ளவாறே மண்ணிலிருந்து வெளிப்பட்டன.

எனினும் நூலும் உலையும் முற்றும் ஒன்றல்ல. நூல் கூறுவது ஒரு மூசையை வைத்துச் செய்யும் மருத்துவர் முறை. சாவரில் நடந்ததோ பெருந்தொழில். சாவரின் தாது துத்தநாக சல்பைடு ஆதலால் அதனை முதலில் வறுத்து ஆக்சைடாக்க வேண்டியிருந்தது. பின்பு சிறு உருண்டைகளாக்கிக் கலத்தில் இட்டனர். கலத்தைக் கவிழ்க்கும்போது உருண்டைகள் சரியாதவாறு வாயில் ஒரு குச்சியைச் செருகினர். அது வெப்பத்தில் எரிந்துபோக, ஆவி இறங்கும் வழி தானே உண்டாயிற்று. இந்நுட்பம் மேற்கண்ட செய்யுட்களில் இல்லை. தொழிலாளர் கையோடு நின்றது. நூலோர் தொழிலாளரிடம் கற்றனரா, தொழிலாளர் நூல்முறையை விரித்தனரா என்பது தனியே ஆராயத்தக்கது. எவ்வாறாயினும் ஒன்று மற்றதற்கு உரையாக நிற்கிறது.

ஐரோப்பாவில் வில்லியம் சாம்பியன் 1738இல் துத்தநாக வாலைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் கையாண்டதும் கீழ்நோக்கிய வாலை முறையே. சாவரின் தொழில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது அழிந்துபட்டது. பயன்படுத்தி எறிந்த மூசைகளைச் செங்கல்லாகக் கொண்டு எழுப்பிய வீட்டுச் சுவர்களே அவ்வூரில் அதன் எச்சமாயின.

7. முடிவுரை

கத்தரிக்காய் என்னும் சொல்லை உவமையாக மட்டும் கொண்டிருந்தால், ஒரு கருவியின் வடிவமும் அதனோடு ஒரு தொழிலின் வரலாறும் நம் கவனத்திற்கு வாராமலே போயிருக்கும். தமிழ்ச் சித்தர் நூல்களிலும் மூசை, புடம், வாலை பற்றிய சொற்கள் மிகுதியாக உள்ளன. அவற்றுக்கு அகராதிப் பொருள் மட்டும் எழுதி அமைவது போதாது. சொல் குறிக்கும் கலத்தை வனைந்து, உலையில் ஏற்றி, சுடரின் நிறத்தை நோக்கிப் பொருள் காணும் முயற்சியும் வேண்டும். மொழியறிஞரும் வேதியியலாரும் ஒருங்கே அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. சாவரில் கவிழ்ந்து நின்ற மூசைகள் அப்பணியின் பயனை உணர்த்துகின்றன.