புனிதர் சிலைகளுக்குப் பின்னால்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் மாநிலத்தில், பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்றொரு சந்தை நகரம் உண்டு. புதன்கிழமையும் சனிக்கிழமையும் அங்கே சந்தை கூடுகிறது. சந்தைவெளியிலிருந்து சரிந்து இறங்கும் தெரு ஓர் அகன்ற திடலில் முடிய, அதன் எதிரே பழைய துறவு மடத்தின் பெருவாயில் உயர்ந்து நிற்கிறது. 14ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடு. முகப்பெங்கும் புனிதர் சிலைகளுக்கான மாடங்கள். சிலைகள் இன்று இல்லை. அம்மாடங்களுக்குப் பின்னே நெடுக்காக வெட்டப்பட்ட குறுகிய துளைகளைக் கண்டோம். அவை அம்பு எய்வதற்கானவை என்று அறிந்தபோது நமக்குத் திகைப்பு ஏற்பட்டது. புனிதர்களை முன்னே நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் நின்று வில்லை நாணேற்ற வேண்டிய நிலை ஒரு துறவு மடத்திற்கு ஏன் வந்தது?

மடத்தின் தொடக்கம் குருதியில்தான். கி.பி. 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்டை டேனியர் கொன்றனர். கிறிஸ்துவை மறுதலிக்க அவர் இணங்காததால் மரத்தில் கட்டி அம்புகளால் துளைத்துப் பின் தலையைக் கொய்தனர் என்பது மரபு. அவருடைய திருவுடல் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டது. அதே டேனியர் குலத்தில் பிறந்த மன்னர் கனூட் 1020இல் இங்குப் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியரை நிலைநிறுத்தினார். கொன்றவர்களின் வழித்தோன்றல் கொலையுண்டவரின் கல்லறையைப் போற்றிய இந்நிகழ்ச்சி நம் உள்ளத்தைத் தொடுகிறது. திருப்பயணிகள் திரண்டனர். 11ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மடத்தலைவர் பால்ட்வின் நேர்நேரான தெருக்களை அமைத்து நகரை விரித்தார். அத்தெருக்களிலேதான் இன்றும் சந்தை கூடுகிறது. கோவில் 150 மீட்டர் நீளத்தை எட்டியது. 1214இல் பிரபுக்கள் அதன் பலிபீடத்தின் முன் சூளுரைத்தனர் என்றும், மறு ஆண்டு மன்னர் ஜான் முத்திரையிட்ட பெரும் பட்டயத்திற்கு அதுவே வித்து என்றும் நகரத்தார் பெருமையோடு கூறுகின்றனர்.

இத்துணைப் பெருமையும் நிலத்தோடும் வரியோடும் பின்னிக் கிடந்தது. நகரம் முழுவதற்கும் மடமே ஆண்டை. சந்தைச் சுங்கமும் நீதிமன்றமும் அதன் கையில். 1327இல் நகரத்தார் வாயிலை உடைத்து மடத்தைச் சூறையாடினர். அதன் பிறகு எழுந்ததே நாம் கண்ட வாயில். 1381இன் உழவர் கிளர்ச்சியில் மடத்தின் துணைத்தலைவரே தலை வெட்டப்பட்டு மாண்டார். எட்டாம் ஹென்றி 1539இல் மடத்தைக் கலைத்தபோது, அதன் கற்களை அள்ளிச் சென்று வீடு கட்டிக்கொள்ள இவ்வூரார் தயங்கவில்லை. கோவிலின் மேற்கு முகப்பு இடிபாட்டுக்குள்ளேயே பிற்காலத்தில் வீடுகள் முளைத்தன. இன்றும் அவற்றில் மக்கள் குடியிருக்கின்றனர். நாம் ஹென்றியை மட்டும் பழித்துப் பழகியவர்கள். அது எளிது.

இன்று மடத்தின் வளாகம் மலர்ப்பூங்காவாக இருக்கிறது. குடும்பங்கள் புல்தரையில் அமர்ந்து உண்கின்றன. இடிந்த தூண்களுக்கிடையே சிறுவர்கள் ஒளிந்து விளையாடுகின்றனர். பிள்ளைகளோடு வருவோர்க்கு அருகில் வேறிடங்களும் உண்டு. மேற்கு ஸ்டோவில் 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ஊரை அகழ்ந்து, அதே இடத்தில் மரவீடுகளை மீண்டும் எழுப்பியுள்ளனர். இக்வொர்த் மாளிகையின் வட்ட மண்டபம் ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவர் தம் கலைச்செல்வங்களை வைப்பதற்காக 1795இல் தொடங்கியது. கலைச்செல்வங்களைப் பிரெஞ்சுப் படை பறித்துக்கொண்டது. மண்டபம் முடியுமுன் ஆயரும் 1803இல் இத்தாலியில் காலமானார். பூச்சி அரிக்கும் செல்வத்தைப் பற்றி மறையுரை ஆற்றுவோர்க்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆயினும் நம் மனம் பூங்காவை விட்டு அகலவில்லை. காரணம் 1190ஆம் ஆண்டு.

அந்நாளில் இந்நகரில் யூதர்கள் வாழ்ந்தனர். துறவியர் அவர்களிடம் பெருங்கடன் பட்டிருந்தனர். 1181இல் ராபர்ட் என்னும் சிறுவன் இறக்க, யூதரே கொன்றனர் என்ற பொய்ப்பழி எழுந்தது. அவனுடைய உடலை மடத்துக் கோவிலில் அடக்கம் செய்து வணக்கமும் செலுத்தினர். 1190 மார்ச் 18 அன்று, குருத்து ஞாயிற்றில், இந்நகரில் 57 யூதர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோரை மடத்தலைவர் சாம்சன் மன்னரின் இசைவு பெற்று ஆயுதக் காவலோடு வெளியேற்றினார்; இனி அவர்களுக்கு இடம் கொடுப்போரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகவும் அறிவித்தார்.

சாம்சன் தீயவர் அல்லர். அதுதான் நம்மை வருத்துகிறது. மடத்தின் கடனைத் தீர்த்தவர், எளிமையாக உண்டவர், மக்களின் மொழியில் மறையுரை ஆற்றியவர். 19ஆம் நூற்றாண்டில் கார்லைல் அவரைத் தலைவர்க்கெல்லாம் முன்மாதிரியாகப் போற்றி எழுதினார். அவருடன் வாழ்ந்த துறவி ஜோசலின் எழுதிய வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது. சாம்சனின் சிறப்புக்குச் சான்றுகளாக அவர் அடுக்கும் செயல்களில், புதிய மருத்துவமனை ஒன்றை நிறுவியதும் யூதரை வெளியேற்றியதும் அருகருகே இடம்பெறுகின்றன. எழுதிய கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

யூதர் மீது சுமத்தப்பட்ட பழியை மறுத்து நம் சங்கம் அறிக்கை வெளியிட்டது 1965இல். இஸ்ரயேல் மக்களுக்கு இழைக்கப்பட்ட தீங்குகளுக்காகத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியது 2000ஆம் ஆண்டுத் தவக்காலத்தில். எட்டு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

1903ஆம் ஆண்டளவில் நடந்த அகழாய்வில் மடத்தலைவர்களின் கல்லறைகள் வெளிப்பட்டன. சாம்சனுடையதும் அவற்றுள் ஒன்று. மறைச்சாட்சி எட்மண்டின் எலும்புகள் எங்கே கிடக்கின்றன என்பதுதான் இன்னும் புலப்படவில்லை. அதே பூங்காவில், கண்ணீர்த்துளி வடிவில் உருக்கால் செய்த ஒரு நினைவுச்சின்னம், நாட்சிகளால் அழிக்கப்பட்டோரையும் அந்த 57 பேரையும் நினைவுகூர்ந்து நிற்கிறது. முதலில் சாம்சனின் கல்லறையருகே நின்றோம். பின்னர் அத்துளியின் முன் வந்து ஐம்பத்தொன்றாம் திருப்பாடலை மெல்லச் சொன்னோம். அன்று சனிக்கிழமை. வாயிலைக் கடந்து வெளியே வந்தபோது சந்தையைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.